சாம்பல் சேறு

ஜூன் 9

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரப் பூங்கா வருகிறதாம். ஆகஸ்டில் திறப்பு விழா. அங்கே குழந்தைகளுக்காக ஒரு பெரிய பலகை வைக்கிறார்கள். ‘நம் ஆறு ஏன் கலங்கியிருக்கிறது? அதில் என்னென்ன வாழ்கின்றன?’ என்பது தலைப்பு. எழுதித் தர ஒரு விலங்கியல் ஆசிரியை வேண்டுமாம்.

“நீங்க அந்தக் குப்பத்துலயே பொறந்து வளந்தவங்க, வேதவல்லி. உங்கள விட்டா வேற யாரு எழுதுவா?” என்றார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஆற்றுப் பக்கம் நான் போய் நாளாகிறது. அதற்குள் அவர் பூங்காவின் அழைப்புத் தாளை மேசையில் வைத்தார். கீழே ஒப்பந்ததாரர் பெயர் இருந்தது. கோதண்டம்.

“எழுதித் தரேன் மேடம்” என்றேன்.

என் தம்பி தேசப்பன் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆற்று வளைவில், அலையாத்திப் புதர்களுக்குப் பின்னால், நெஞ்சு வரை சேற்றில் புதைந்து, தலை கவிழ்ந்து, நின்றபடியே கிடைத்தான். குடித்துவிட்டுப் படகிலிருந்து விழுந்தான் என்று கோதண்டத்தின் ஆட்கள் இருவர் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார்கள். போலீஸ் அப்படியே எழுதிக்கொண்டது. கட்டடக் கழிவை வளைவில் கொட்டுவது கோதண்டம்தான் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை.

நான் அவனை ஒன்றும் செய்யப் போவதில்லை. பலகையில் உண்மையை எழுதுவேன். அவ்வளவுதான்.

ஜூன் 12

இன்று அவனைப் பார்த்தேன். இந்த இரண்டு வருஷமாக மனதுக்குள் ஒரு தடித்த, மீசை முறுக்கிய ஆளை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். வந்தவன் ஒல்லி. வழுக்கை. மோரில் உப்புப் போடாமல் குடிக்கிறான், ரத்தக் கொதிப்பாம். எனக்கு நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான். இளநீர் வெட்டச் சொன்னான்.

“டீச்சர், பலகைல ஆறு நீலமா இருக்கட்டும். பாக்கற புள்ளைங்க சந்தோசப்படணும்ல?”

“ஆறு பழுப்பாத்தான சார் இருக்கு?”

“அது இருக்கட்டும். அழுக்கு எதுக்கு? மீனு, கொக்குன்னு நாலு படம் போட்டு விட்ருங்க.”

நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. தேசப்பனுக்கும் எனக்கும் ஒரே முகம் என்று ஊரே சொல்லும். அவன் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான். ஒன்றும் உறைக்கவில்லை அவனுக்கு.

இளநீரைக் குடித்தேன். துப்பியிருக்க வேண்டும்.

ஜூன் 14

தேசப்பனின் ஃபைபர் படகு அவன் போனதிலிருந்து மணலில் கவிழ்ந்தே கிடந்தது. அவன் மனைவி எழில் அதை விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எழில் என்னோடுதான் இருக்கிறாள். சாலையோரம் மீன் விற்கிறாள். ஆற்றில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், படகு கொடு என்றேன். உள்ளே போய்க் கோலை எடுத்து வந்து கொடுத்தாள்.

“வளைவுப் பக்கம் மட்டும் போவாத அண்ணி” என்றாள்.

போனேன். கோல் ஊன்றுவது கைக்கு மறக்கவில்லை.

முகத்துவாரத்தை மணல் மூடிவிடாமல் இந்த வருஷம் வெட்டி வைத்திருக்கிறார்கள். கடல் நீர் தாராளமாக உள்ளே வருகிறது. மடவை மீன் கூட்டம் ஒன்று படகுக்கு முன்னால் துள்ளிக்கொண்டே போனது. சேற்றுக் கரையில் உளுவைகள் முன்துடுப்பை ஊன்றி ஏறி வெயில் காய்ந்தன. மீனாகப் பிறந்துவிட்டு நிலத்தில் சண்டை போடும் ஜென்மங்கள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே நண்டு வளைகள். எல்லாம் பழுப்பு நீர். எல்லாம் உயிர்.

வளைவு திரும்பியதும் எல்லாம் நின்றுவிட்டது. துள்ளல் இல்லை. வளைகள் இல்லை. கரை சாம்பல் நிறத்தில் வழவழவென்று, மெழுகிய தரை மாதிரி இருந்தது. இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். ஒன்று முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒன்று இங்கே.

அவன் நின்ற இடத்தை நான் தேடவில்லை. அது தானாகவே தெரிந்தது.

ஜூன் 15

குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். எழில் தன் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஜூன் 17

பலகைக்கு முதல் வரைவு:

‘ஆறு கலங்கியிருப்பதெல்லாம் கெடுதல் இல்லை. மழைநீர் ஏரிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் மெல்லிய மண்ணைக் கொண்டுவருகிறது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டதும் அந்த மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகின்றன. கடல் ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் மறுபடி கிளம்புகின்றன. அதனால்தான் முகத்துவாரத்தில் தண்ணீர் எப்போதும் பழுப்பாக இருக்கிறது. அந்தப் பழுப்புக்குள் இறால் குஞ்சுகள் கொக்கின் கண்ணுக்குத் தப்பி ஒளிந்திருக்கின்றன. மடவை சேற்றின் மேல் படியும் பாசியை மேய்கிறது. விலாங்கு சேற்றுக்குள் உறங்குகிறது. சேறு அவற்றுக்கு வீடு.

இன்னொரு கலங்கல் இருக்கிறது. நகரத்துச் சாக்கடை கலப்பதால் வருவது. அது கறுப்பு. மூன்றாவதாக ஒன்று…’

இங்கே நிறுத்தினேன். மூன்றாவதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் இளநீர் வாங்கிக் கொடுத்தது.

ஜூன் 19

பாட்டில்கள் இரண்டும் சமையலறை ஜன்னலில் இருக்கின்றன. முதலாவதில் பழுப்பு மண் பஞ்சு போலப் படிந்திருக்கிறது, ஆட்டினால் எழும்புகிறது. இரண்டாவதில் அடியில் சாம்பல் நிறம். கவிழ்த்தேன். அசையவில்லை. கரண்டிக் காம்பால் தட்டினேன். ‘டக்’கென்றது.

சிமென்ட். கான்கிரீட் லாரிகளைக் கழுவி ஊற்றும் குழம்பு. பழையது மட்டும் என்றால் கல்லாகிக் கிடந்திருக்கும். தண்ணீரில் இருக்கிறதென்றால் இன்றைக்கும் ஊற்றுகிறார்கள். குழந்தைகளுக்குப் பூங்கா கட்டுகிற கையோடு ஊற்றுகிறார்கள்.

தேசப்பனைக் கொண்டுவந்து கிடத்தியபோது நெஞ்சு வரை உடம்பு சாம்பலாக இருந்தது. கால் தோல் வெந்தது போல உரிந்திருந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. எழில்தான் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். அழாமல், யாரையும் கிட்டே விடாமல், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று அது எனக்கு விளங்கவில்லை. இப்போது பாட்டிலைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறுகிறது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 21

எழில் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா அண்ணி இது?”

சொன்னேன். மீன் கூடையை இறக்காமலே நின்றாள்.

“வோணாம் அண்ணி. கொட்டிரு.”

“உன் புருஷனக் கொன்னது இதுதாண்டி.”

“அவரு போய்ட்டாரு. நீ தோண்டுனா இன்னான்னமோ வரும். வுட்ரு.”

பயப்படுகிறாள். பாவம். தேசப்பன் கடைசி வருஷம் வீட்டுக்காக எப்படி உழைத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இவளுக்குப் பயம் வராது. வலை காயப்போட்டபடியே கிடக்கும், ஆனாலும் ராத்திரியெல்லாம் வேலைக்குப் போய் வருவான். சட்டை தூசியாக இருக்கும், கேட்டால் கூலி வேலை என்பான். ஒரே வருஷத்தில் ஃப்ரிட்ஜ், புது என்ஜின், இவளுக்குத் தோடு. அப்படி உழைத்தவனைக் குடிகாரன் என்று எழுதிவிட்டார்கள்.

ஜூன் 24

கோதண்டம் போன் செய்தான். திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களைப் படகில் ஒரு சுற்றுக் கூட்டிப்போக வேண்டுமாம். அதற்கு முன்னால் தானே ஒரு முறை போய்ப் பார்க்கணுமாம். “நீங்கதான் படகு வெச்சினு சுத்துறீங்களாமே டீச்சர்? நாளன்னிக்கு சாயங்காலம் கூட்டினு போறீங்களா?”

சரி என்றேன். நானாகக் கேட்கவில்லை. அவனாகத்தான் கேட்டான்.

ஜூன் 25

அமாவாசை. நாளை நீர் நன்றாக வற்றி, நன்றாக ஏறும்.

படகைக் கழுவினேன். அதில் கிடந்த கயிறு நைந்து போயிருந்தது, வீட்டில் எடுத்து வைத்துவிட்டேன். எழிலிடம் நாளை மைலாப்பூர் போகிறேன் என்றேன். வீணாக எதற்கு அவளைக் கவலைப்படுத்த வேண்டும்?

அவனிடம் கொஞ்சம் பேச வேண்டும். பயப்படட்டும். அவ்வளவுதான்.

ஜூன் 26

நகக்கண்ணில் சாம்பல் போகவில்லை.

ஜூன் 28

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் நடந்ததை இன்று எழுதுகிறேன்.

அவன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். படகில் உட்கார்ந்ததும் சின்னப் பிள்ளை போலக் கையைத் தண்ணீரில் விட்டான். இத்தனை வருஷம் ஆற்றோரத்தில் வேலை எடுத்தவன், ஆற்றில் இறங்கியதே இல்லையாம். கரைப் பக்கமிருந்து லாரி வரும் வழிதான் அவனுக்குத் தெரியும். நான் தண்ணீர்ப் பக்கமாக, புதர்களைச் சுற்றிக்கொண்டு போனேன். வளைவு அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

நீர் முழுக்க வற்றியிருந்தது. நடுவில் மேடாக, காய்ந்த தரை மாதிரித் தெரிந்தது.

“இங்க ஒரு மேடை கட்டிட்டா பறவை பாக்க எப்டி இருக்கும்!” என்றான். “மண்ணு தாங்குமா?”

“நீங்கதான் சார் சொல்லணும்.”

“மண்ணப் பாத்தாத் தெரியாதா எனக்கு?” போனை என்னிடம் நீட்டினான். “நான் நிக்கிறேன், ஒரு போட்டோ எடுங்க.”

நான் இறங்கச் சொல்லவில்லை. இறங்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் அடி தாங்கியது. இரண்டாவதில் முழங்கால் போனது. சிரித்தான். மற்றக் காலை எடுக்கப் பார்த்தான், அது இன்னும் ஆழமாகப் போனது. அப்போதும் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. நான் கோலை ஊன்றிப் படகைக் கை எட்டாத தூரத்துக்குப் பின்னால் தள்ளினேன். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“டீச்சர், கைய குடுங்க.”

“என் தம்பி பேரு தேசப்பன்” என்றேன்.

அவன் வாய் திறந்தபடி நின்றது. தொடை வரை போயிருந்தான். உதறினால் இன்னும் இறங்கும், அவனுக்கு அது தெரியாது. உதறினான்.

“ஏம்மா, நான் ஒண்ணும் பண்லம்மா. அவன் எங்கிட்ட வேல பாத்தவன்.”

“பொய் சொல்லாதய்யா.”

“என் தாயாணை. இந்த எடத்தச் சொன்னதே அவன்தான். எங்க ஆழம், எங்க யாரும் வர மாட்டாங்கன்னு அவனுக்குத்தான் தெரியும். டிரம்ல ஊத்திப் படகுல கொண்டாந்து கொட்டுவான். ஒரு வருசம். நீ உக்காந்துனு இருக்கியே, இதே படகு!”

காய்ந்தே கிடந்த வலைகள் என் கண் முன்னால் வந்தன. தூசிச் சட்டை. தோடு. எல்லாம் எனக்கு எப்போதோ தெரிந்தவைதான். தெரிந்ததை ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் நான் விடவில்லை.

ஓதம் திரும்பிவிட்டது. அவன் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் வந்தது.

“அப்போ அவன் எப்டிச் செத்தான்?”

“தெரியாது.”

நான் கோலை ஊன்றினேன். படகு நகர்ந்தது.

“சொல்றன், சொல்றன்! போவாத! படகு தட்டி நின்னுச்சு, தள்ள எறங்கிட்டான். மாட்டிக்கினான். போன் பண்ணான்மா.”

“யாருக்கு?”

தண்ணீர் அவன் வயிற்றில் ஏறியது.

“யாருக்குய்யா போன் பண்ணான்?”

“எனக்குத்தான். ஆள் அனுப்புண்ணான்னு அழுதான். ஆளு போனா, என்ன ஏதுன்னு வெளிய தெரிஞ்சிரும். எப்டியாச்சும் ஏறிடுவான்னு நெனச்சன். மறுபடி மறுபடி அடிச்சான். நான் போன அணச்சி வெச்சிட்டன்.”

அவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. தேசப்பனிடம் என் எண்ணும் இருந்தது. ஏன் என்னைக் கூப்பிடவில்லை? கேட்காமலே தெரிந்தது. அக்காவிடம் என்னவென்று சொல்வான், அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று?

நான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. சட்டை மிதந்தது. தன் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், பிறகு முருகா என்றான், பிறகு வெறுமனே கத்தினான். எனக்கு நன்றாக இருந்தது. மறைப்பானேன், நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த முள் இறங்கியது போல.

அப்புறம் ஒன்று தோன்றியது. இவன் செத்தால் இந்த வார்த்தைகளும் இவனோடு போய்விடும். போன் வந்தது, எடுத்தது, அணைத்தது, எதுவும் இருக்காது. நாளைக்கு ஊர் இவனுக்கு மாலை போடும். என் தம்பி குடிகாரனாகவே கிடப்பான்.

படகின் குறுக்குப் பலகையைப் பெயர்த்து அவன் பக்கத்தில் தண்ணீரில் போட்டேன். அதன் மேல் குப்புறப் படுத்தேன். “மல்லாக்க சாயி. காலை உதறாத. மெதுவா ஆட்டு” என்றேன். கேட்கவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தான். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அதற்கப்புறம் கேட்டான். ஒரு காலை விடுவிக்கவே உயிர் போய்விட்டது. கயிறு இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

கரைக்கு வரும்போது இருவரும் கழுத்து வரை சாம்பல். அவன் கொஞ்ச நேரம் வாந்தி எடுத்தான். பிறகு எழுந்து, தன் போனைப் படகிலிருந்து எடுத்துக்கொண்டான். குரல் திரும்பிவிட்டது.

“கொலகாரி. உன்ன உள்ள தூக்கி வெக்கிறனா இல்லியா பாரு.”

“வா. ரெண்டு பேரும் இப்டியே ஸ்டேஷனுக்குப் போலாம். உன் மேல இருக்கறது இன்னான்னு கேப்பாங்க. நீயே சொல்லு.”

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். காரில் ஏறிப் போய்விட்டான்.

நான் ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். வழியில் எல்லோரும் ஒதுங்கினார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், தேசப்பன் செய்ததையும் சேர்த்து. பயமுறுத்தத்தான் கூட்டிப்போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 3

பள்ளியிலிருந்து தற்காலிக நீக்கம். தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்காமல் உத்தரவைக் கொடுத்தார்.

ஜூலை 5

எழிலுக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும். அந்தக் காலைக் கழுவியவள் அவள்தானே.

“நாலு பேரு குடிகாரன்னாங்க, நான் தாங்கிக்கினேன். இப்ப ஆத்த நாசம் பண்ணவன்ங்கறாங்க. குப்பத்துல ஒருத்தி எங்கிட்ட மீனு வாங்கல. உன் பழிய நீ தீத்துக்கின. அவர எதுக்கு இழுத்த?”

என்னிடம் பதில் இருந்தது. அவள் கேட்பதற்கு நிற்கவில்லை. துணியை மூட்டை கட்டிக்கொண்டு காசிமேட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 16

பூங்காவின் பொறியாளர் பிரிஸில்லா என்ற சின்னப் பெண். என் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனவள், வளைவில் துளை போட்டு எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆள் உயரத்துக்குச் சிமென்ட், மேல்பகுதி இன்னும் ஈரமாம். வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் கொட்டியதையும் தேசப்பன் சாவையும் சேர்த்து விசாரிக்க உத்தரவாகியிருக்கிறது. தேசப்பனின் போன் விவரத்தை இப்போதுதான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கடைசி அழைப்புகள் எல்லாம் ஒரே எண்ணுக்கு.

வீட்டுக் கதவில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுத்தவளாம். கழுவினேன். தோசைக்கு அரைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று கை தடுமாறுகிறது.

ஆகஸ்ட் 20

இன்று விசாரணை. கோதண்டம் முன் வரிசையில், வெளுத்த சட்டையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். சேற்றில் சொன்னதையெல்லாம் மறுத்துவிட்டான். உயிர்ப் பயத்தில் உளறினானாம். போன் எதற்கு வந்ததென்றே நினைவில்லையாம். குடிபோதையில் எவனெவனோ கூப்பிடுவானாம்.

என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டதும் அவன் வக்கீல் எழுந்து வந்தார்.

“படகுல எப்பவும் கயிறு இருக்கும், இல்லியாம்மா? அன்னிக்கு ஏன் இல்ல?”

நைந்துவிட்டது என்று சொல்லலாம். இந்தக் குறிப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

“நான்தான் எடுத்து வெச்சேன்.”

“பயமுறுத்தவா?”

“இல்ல. கொல்லத்தான் கூட்டிட்டுப் போனேன்.”

அறையில் சத்தம் எழுந்தது. கோதண்டம் அன்று முதல் முறையாகச் சிரித்தான். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். விசாரணை அதிகாரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் எதுக்கும்மா காப்பாத்தினீங்க?”

“அந்தாளு செத்துட்டா என் தம்பி குடிகாரனாவே இருப்பான் சார்.”

இதற்காக என் மேல் வழக்கு வரும். வரட்டும்.

அடுத்து எழிலைக் கூப்பிட்டார்கள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. காதில் தோடு இல்லை. என் பக்கம் திரும்பாமல் நேராகப் போய் நின்றாள்.

அதிகாரி பழைய போலீஸ் அறிக்கையைப் படித்துக் காட்டினார். மது அருந்திய நிலையில் படகிலிருந்து தவறி விழுந்து இறந்தார் என்று.

“இது சரியாம்மா?”

“இல்ல சார். அவரு அன்னிக்குக் குடிக்கல. அந்த வேலைக்குப் போறன்னைக்கு ஒருநாளும் குடிக்க மாட்டாரு.”

“எந்த வேலைக்கு?”

எழில் கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், சொல்லாதே என்பது போல. புருஷன் பேரைக் காப்பாற்றிக்கொள் என்பது போலவும் இருந்தது.

“சிமென்ட்டுத் தண்ணிய ஆத்துல கொட்ற வேல. இவருக்காகத்தான் கொட்னாரு. நான் வோணாம்னு சொன்னேன், கேக்கல. இவரு போன் பண்ணாத்தான் போவாரு. அன்னிக்கும் இவருதான் கூப்ட்டாரு, நான் பக்கத்துல இருந்தேன்.” மூச்சு விட்டாள். “குடிகாரன்னு எழுதினத அடிச்சிருங்க சார். அவரு இன்னா பண்ணாரோ அத எழுதுங்க. அவரு கூப்ட்டப்போ இவரு இன்னா பண்ணாரோ, அதையும் எழுதுங்க.”

அதிகாரி பேனாவை எடுத்தார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் கோதண்டத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூடக் கண்ணை எடுக்கவில்லை.